தீபாவளிக்கே தொடங்கிவிடும் கோடை
பணத்தோடு கோடைகால ஆராய்ச்சி தேடும் பி.எஸ்சி. மாணவர்கள் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

ஒவ்வொரு ஏப்ரலிலும், செய்முறைத் தேர்வு முடிந்து பியூரெட்டுகளைக் கழுவிக் கவிழ்த்து வைக்கிற நேரத்தில், யாராவது ஒரு மாணவி தயங்கித் தயங்கி வந்து நிற்பாள். "மேடம், லீவுல எங்கயாவது ரிசர்ச் பண்ணணும். ஸ்டைபண்ட் குடுத்தா வீட்ல விடுவாங்க மேடம்." அவள் கேட்பது முழுக்க நியாயம். கேட்கிற மாதம்தான் தப்பு. அந்தக் கோடைக்கான பெரிய வாசல்கள் முந்தைய நவம்பரிலேயே சாத்தப்பட்டிருக்கும்.

விருதுநகர் மாவட்டத்தில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் வேதியியல் நடத்துகிறேன். என் வகுப்பில் பாதிப் பேர் வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். கோடை விடுமுறை என்றால் அவர்களுக்கு அச்சாபீசில் நோட்டு அடுக்குகிற வேலை, ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கிற வேலை, தீப்பெட்டி ஆபீஸ். ஜூனில் கட்ட வேண்டிய கல்லூரிக் கட்டணம் அதிலிருந்துதான் வரும். அப்படிப்பட்ட பிள்ளையிடம் "இரண்டு மாதம் சும்மா வந்து ஆராய்ச்சி செய், அனுபவம் கிடைக்கும்" என்பது, வராதே என்று சொல்வதற்குச் சமம். உதவித்தொகையோடு வரும் வாய்ப்பைத்தான் நான் அவர்களுக்குத் தேடச் சொல்கிறேன். பணம் கேட்பதற்கு யாரும் கூச வேண்டியதில்லை. அந்தப் பணம் இருந்தால்தான் இந்தப் பிள்ளைகள் ஆய்வகத்துக்குள் கால் வைக்க முடியும்.

செய்ய வேண்டியது: ஆயுத பூஜை விடுமுறையில் உட்கார்ந்து தேதிகளை எழுதுங்கள்

இந்தியாவில் பி.எஸ்சி. மாணவர்களுக்கு மிகப் பெரிய வாசல், மூன்று அறிவியல் அகாதெமிகள் சேர்ந்து நடத்தும் கோடைகால ஆராய்ச்சி உதவித்தொகைத் திட்டம். சி.வி. ராமன் 1934-இல் பெங்களூரில் நிறுவிய இந்திய அறிவியல் அகாதெமி, டெல்லியில் இருக்கும் இந்திய தேசிய அறிவியல் அகாதெமி, பிரயாக்ராஜில் (முன்பு அலகாபாத்) இருக்கும் தேசிய அறிவியல் அகாதெமி ஆகியவைதான் அந்த மூன்று. விண்ணப்பம் பெரும்பாலும் அக்டோபர் வாக்கில் திறந்து நவம்பர் இறுதியில் மூடும். தேர்வானால் நாட்டின் ஏதோ ஓர் ஆய்வகத்தில் ஒரு விஞ்ஞானியிடம் சுமார் எட்டு வாரம், மாத உதவித்தொகை, போய்வர ரயில் கட்டணம். நம் ஊர்க் கல்லூரி மாணவர்கள் வருடா வருடம் இதில் தேர்வாகிறார்கள். கல்லூரியின் பெயரைப் பார்த்துத் தள்ளிவிடுவார்கள் என்று நினைத்து விண்ணப்பிக்காமல் இருப்பவர்கள்தான் அதிகம்.

அடுத்து டிசம்பர், ஜனவரி. பெங்களூரு ஜக்கூரில் உள்ள ஜவஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தின் கோடைத் திட்டம், மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் வருகை மாணவர் திட்டம், புனேயில் உள்ள வானியல் மையமான ஐயூகாவின் விடுமுறை மாணவர் திட்டம், சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனம் இவையெல்லாம் இந்தப் பருவத்தை ஒட்டி வரும். ஐஐடி, ஐசர் போன்றவற்றின் அறிவிப்புகள் பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில். வெளிநாட்டு ஆசை இருந்தால் இன்னும் முன்னாலேயே விழித்துக்கொள்ள வேண்டும். கனடாவின் மிட்டாக்ஸ் திட்டம் செப்டம்பரிலேயே முடிந்துவிடும், ஜெர்மனியின் டாட் வைஸ் நவம்பர் முதல் தேதியை ஒட்டி.

தேதிகள் வருடத்துக்கு வருடம் முன்பின் ஆகும். அதனால் போன வருடத்துத் தேதியை மட்டும் நம்பாமல், அந்தத் தேதிக்கு ஒரு மாதம் முன்பிருந்தே வாரம் ஒரு முறை அந்தந்த நிறுவனத்தின் சொந்த இணையதளத்தைத் திறந்து பாருங்கள். எங்கள் துறையில் ஆய்வகக் கதவின் உட்பக்கம் ஒரு சார்ட் ஒட்டியிருக்கிறோம். மாதம், நிறுவனம், எந்த ஆண்டு மாணவருக்கு என்று மூன்று கட்டங்கள். முடிந்தால் உங்கள் துறையிலும் ஒன்று ஒட்டச் சொல்லுங்கள்.

செய்யக்கூடாதது: தகுதிப் பத்தியைத் தாண்டிக் குதிக்காதீர்கள்

அறிவிப்பு கண்ணில் பட்டதும் உதவித்தொகை எவ்வளவு என்றுதான் முதலில் தேடுவோம். அதற்கு மேலே "யார் விண்ணப்பிக்கலாம்" என்று நான்கு வரி இருக்கும். அதில்தான் எல்லாம் இருக்கிறது. ஐஐடிகளின் சில கோடைத் திட்டங்கள் மூன்றாம் ஆண்டு பொறியியல் மாணவர்களுக்கும் முதலாண்டு எம்.எஸ்சி. மாணவர்களுக்கும் மட்டுமே. மூன்றாண்டு பி.எஸ்சி. படிப்பவர் எவ்வளவு மதிப்பெண் வைத்திருந்தாலும் முதல் வடிகட்டலிலேயே போய்விடுவார்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் "ஆர்.ஈ.யூ." என்ற பட்டியல் கூகுளில் முதலில் வந்து விழும். நல்ல சம்பளம், பத்து வாரம் என்று பார்த்ததும் ஆசை வரும். அந்த நாட்டின் தேசிய அறிவியல் அறக்கட்டளை 1987 முதல் பணம் கொடுத்து நடத்தும் திட்டம் அது. அந்தப் பணம் அமெரிக்கக் குடிமக்களுக்கும் அங்கே நிரந்தரமாக வசிக்கும் உரிமை பெற்றவர்களுக்கும் மட்டும்தான். என் மாணவன் ஒருவன் ஒரு டிசம்பர் முழுவதையும் அந்தப் பட்டியலில் கழித்துவிட்டு, கண்முன்னே இருந்த தரமணியைத் தவறவிட்டான்.

வெளிநாட்டிலும் நமக்குத் திறந்த வாசல்கள் உண்டு. ஒவ்வொன்றின் கணக்கும் வேறு. மிட்டாக்ஸில் பயிற்சி முடிந்து திரும்பிய பிறகும் உங்களுக்குப் படிப்பு மிச்சம் இருக்க வேண்டும், எனவே இறுதியாண்டு மாணவருக்கு அது இல்லை. ஜெனீவாவில் உள்ள துகள் இயற்பியல் ஆய்வகமான செர்ன் கேட்பது நேர் எதிர்: கோடைக்குள் மூன்றாண்டு படிப்பை முடித்திருக்க வேண்டும். டாட் வைஸுக்கு ஜெர்மன் பேராசிரியர் ஒருவரின் அழைப்புக் கடிதத்தை நீங்களே வாங்கி வைத்திருக்க வேண்டும். பாஸ்போர்ட் கையில் இல்லாமல் இதில் எதையும் தொடங்காதீர்கள்.

முதலாண்டு மாணவர்களுக்கு வாய்ப்பு குறைவுதான், ஆனால் இல்லாமல் இல்லை. மும்பை ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் 2004 முதல் நடத்தும் நியஸ் திட்டம் இளநிலையின் தொடக்க ஆண்டுகளில் இருப்பவர்களுக்காகவே உருவானது. ஜக்கூர் மையத்தில் வேதியியலுக்கும் உயிரியலுக்கும் தனித்தனியாக ஒரு திட்டம் உண்டு. முதலாண்டு முடிக்கும் பி.எஸ்சி. மாணவர்களைத் தேர்ந்தெடுத்து, அடுத்தடுத்த கோடைகளிலும் கூப்பிட்டுப் பழக்குகிறார்கள். கணித மாணவர்களுக்கு 1993-இல் தொடங்கிய எம்.டி.டி.எஸ். முகாம் இருக்கிறது. அதில் உதவித்தொகை கிடையாது, ஆராய்ச்சியும் கிடையாது. ஆனாலும் கணக்கை யோசித்துப் போடக் கற்றுக்கொடுப்பார்கள், தங்க இடமும் சாப்பாடும் அவர்கள் பொறுப்பு. வீட்டுப் பணம் செலவாகாது என்பதால் இதையும் என் பட்டியலில் சேர்த்துக்கொள்கிறேன்.

செய்ய வேண்டியது: இன்ஸ்பயர் உதவித்தொகை வாங்குபவர்கள், அதன் மீதிப் பங்கையும் வாங்குங்கள்

பிளஸ் டூவில் மாநில அளவில் முதல் ஒரு சதவீதத்துக்குள் வந்து அடிப்படை அறிவியல் பட்டப்படிப்பில் சேர்ந்தவர்களுக்கு மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை இன்ஸ்பயர் உதவித்தொகை தருகிறது. ஆண்டுக்கு 80,000 ரூபாய் என்று அறிவிப்பில் இருக்கும். பலருக்குக் கையில் வருவது 60,000. மீதி 20,000 எங்கே என்று யாரும் கேட்பதில்லை. அந்த 20,000 கோடை ஆராய்ச்சிக்கென்றே ஒதுக்கப்பட்டது. கோடையில் ஓர் ஆராய்ச்சியாளரிடம் வேலை செய்து, அறிக்கையையும் வழிகாட்டியின் சான்றையும் கொடுத்தால்தான் அது வரும்.

எங்கள் கல்லூரியில் இன்ஸ்பயர் வாங்கிய ஒரு மாணவிக்கு இது மூன்றாம் ஆண்டில்தான் தெரியவந்தது. இரண்டு கோடைகளை அவள் ஜவுளிக்கடையில் கழித்திருந்தாள். அவளிடம் சொல்லாமல் விட்டதில் எனக்கும் பங்கு உண்டு. அதிலிருந்து சேர்க்கை முடிந்த வாரமே இன்ஸ்பயர் பிள்ளைகளைத் தனியாக உட்கார வைத்துப் பேசிவிடுகிறேன்.

இன்ஸ்பயரின் இந்தக் கோடைப் பணத்தில் இன்னொரு பலன் இருக்கிறது. கோடை மாணவருக்குக் கொடுக்கப் பல பேராசிரியர்களிடம் பணம் இருக்காது. மனமிருந்தும் மறுத்துவிடுவார்கள். "என் உதவித்தொகையை நானே கொண்டுவருகிறேன்" என்று உங்கள் மெயிலில் ஒரு வரி இருந்தால் அந்தத் தடை விலகிவிடும். அந்த வரியை மெயிலின் அடியில் ஒளித்து வைக்காமல் தலைப்பிலேயே போடுங்கள்.

செய்யக்கூடாதது: ஒரே மெயிலை அறுபது பேருக்கு அனுப்பாதீர்கள்

திட்டம் எதுவும் இல்லாத இடங்களிலும் பேராசிரியருக்கு நேரடியாக எழுதிக் கேட்கலாம். ஆனால் எப்படி எழுதுகிறோம் என்பதில்தான் பாதிப் பேர் சறுக்குகிறார்கள். ஒருமுறை ஒரு மாணவன் தன் போனைக் காட்டினான். அறுபதுக்கு மேல் முகவரிகள், எல்லாம் ஒரே பெட்டியில், ஒவ்வொருவருக்கும் மற்றவர்கள் பெயர் தெரியும்படி. "ரெஸ்பெக்டட் சார்" என்று ஆரம்பித்தது மெயில். அந்த அறுபதில் பத்துப் பேராவது பெண்கள். வானியல் பேராசிரியருக்கும் தாவரவியல் பேராசிரியருக்கும் ஒரே வாசகம்: "உங்கள் உன்னதமான ஆராய்ச்சியில் எனக்குப் பேரார்வம்." எட்டு எம்பி அளவில் மதிப்பெண் பட்டியல், விளையாட்டுச் சான்றிதழ் எல்லாம் இணைப்பில். ஒரு பதிலும் வரவில்லை. அவன் மனசு விட்டுப்போய், நம்மையெல்லாம் யார் மதிப்பார்கள் என்றான். அந்த முடிவுக்கு அவன் வந்ததுதான் எனக்கு அதிக வருத்தம்.

இதே வேலையைச் சரியாகச் செய்த இன்னொருத்தியின் மெயிலையும் சொல்கிறேன். பத்தே பேருக்கு எழுதினாள், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக. எழுதுவதற்கு முன்பு அவரவர் ஆய்வுக்கட்டுரை ஒன்றின் முன்னுரையையும் முடிவுரையையுமாவது வாசித்தாள். எளிய ஆங்கிலம், சின்னச் சின்ன வாக்கியங்கள். அதன் சாரம் இது:

"எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் வேப்பிலைச் சாற்றைக் கொண்டு வெள்ளி நானோ துகள் தயாரித்தோம். கரைசல் வெளிர்மஞ்சளிலிருந்து பழுப்பானது. யூவி-விசிபிள் கருவியில் 420 நானோமீட்டர் பக்கத்தில் ஒரு மேடு வந்தது. துகளின் அளவு எங்களுக்குத் தெரியாது, எலக்ட்ரான் நுண்ணோக்கி எங்களிடம் இல்லை. நான்காம் நாள் எல்லாம் கருப்பாக அடியில் படிந்துவிட்டது. ஏன் படிந்தது என்று எனக்குப் புரியவில்லை. துகள்கள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் மூலக்கூறுகளைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். மே, ஜூனில் உங்களிடம் வந்து அதைக் கற்றுக்கொள்ள முடியுமா?"

இரண்டாம் நாள் பதில் வந்தது. நம் பக்கத்தில் இலைச்சாற்று நானோ துகள் செய்யாத கல்லூரியே கிடையாது. அந்தப் பேராசிரியருக்கு அதில் புதுமை ஒன்றும் இருந்திருக்காது. "ஏன் படிந்தது என்று புரியவில்லை" என்ற வரியைப் படித்துத்தான் அவளைக் கூப்பிட்டதாகப் பிறகு அவளிடமே சொல்லியிருக்கிறார். தோற்றுப்போன சோதனையை மறைக்காமல் எழுதுகிற பிள்ளைதான் ஆய்வகத்துக்குத் தேவை.

செய்ய வேண்டியது: சுயவிவரம் ஒரே பக்கம். கோப்பின் பெயரில் உங்கள் பெயர் இருக்கட்டும். "நியூ ரெஸ்யூமே ஃபைனல் 2" என்று அனுப்பாதீர்கள்.

செய்ய வேண்டியது: பதில் வராவிட்டால் பத்து நாள் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல். அதற்கு மேல் வேண்டாம். வாட்ஸ்அப் எண்ணைத் தேடிப் பிடித்துக் கூப்பிடவே வேண்டாம்.

செய்யக்கூடாதது: "சிறு வயது முதலே" என்று தொடங்காதீர்கள்

அகாதெமித் திட்டம் உட்படப் பல விண்ணப்பங்களில், கோடையில் என்ன செய்ய விரும்புகிறீர்கள் என்று சுருக்கமாக எழுதச் சொல்வார்கள். மதிப்பெண்ணில் ஒருவருக்கொருவர் ஒட்டி நிற்கும் நூற்றுக்கணக்கானோரை இந்தச் சின்னப் பத்தியை வைத்துத்தான் பிரிக்க முடியும். அதைச் சிறு வயது ஆர்வம், அப்துல் கலாம், நாட்டுக்குச் சேவை என்று நிரப்பினால் உங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. சாட்ஜிபிடியிடம் எழுதி வாங்கினாலும் அதே கதிதான். வழவழப்பாக இருக்கும், ஒரு பொருளும் கையில் சிக்காது. அதைப் படிப்பவர் அன்றைக்கே அதே போல இருபது படித்திருப்பார்.

பாடத்தில் எந்தப் பகுதி உங்களைத் தூங்கவிடாமல் செய்தது, அதைப் பற்றி மேற்கொண்டு எதை வாசித்தீர்கள், எங்கே புரியாமல் நின்றீர்கள், எட்டு வாரத்தில் எதைத் தொட்டுப் பார்க்க நினைக்கிறீர்கள். இந்த நான்குக்கும் பதில் இருந்தால் போதும். முதலில் தமிழில் எழுதிப் பாருங்கள். தமிழில் உங்களால் தெளிவாகச் சொல்ல முடியாததை ஆங்கிலத்தில் சொல்ல முடியாது. தமிழில் தெளிந்துவிட்டால் ஆங்கிலமாக்க ஆங்கிலத் துறையில் யாரையாவது பிடித்துக்கொள்ளலாம். தமிழ்வழியில் படித்தவர்கள் இந்த இடத்தில்தான் பயந்து நின்றுவிடுகிறார்கள். பயப்படவே வேண்டாம். ஆய்வகங்களில் பேசப்படும் ஆங்கிலம் மிகச் சாதாரணமானது, வங்காள வாடையும் மலையாள வாடையும் அடிக்கும். அதில் நம் வாடையும் சேரட்டும்.

செய்யக்கூடாதது: பரிந்துரைக் கடிதத்தைக் கடைசி நாள் கேட்காதீர்கள்

மூன்று வாரமாவது கொடுங்கள். கேட்கும்போது கையில் ஒரு தாள் கொண்டு போங்கள்: எந்தத் திட்டம், கடைசித் தேதி, அந்த ஆசிரியரிடம் நீங்கள் படித்த தாள்கள், அவர் கண்முன் செய்த ஏதாவது ஒரு வேலை. "நல்ல மாணவி, ஒழுக்கமானவள்" என்ற கடிதத்துக்கு மதிப்பே இல்லை. "டைட்ரேஷனில் அளவு ஒத்துவராதபோது, எல்லாரும் எண்ணை மாற்றி எழுதிவிட்டுப் போக, இவள் மட்டும் கரைசலை மறுபடி தயாரித்தாள்" என்று எழுத ஆசிரியருக்கு ஞாபகம் வர வேண்டும். அதற்கு நீங்கள் உதவலாம். கடிதத்தை நீங்களே எழுதிக் கையெழுத்து மட்டும் வாங்குவது வேண்டாம். ஒரே கல்லூரியிலிருந்து ஒரே வாசகத்தில் ஐந்து கடிதம் போனால் ஐந்து பேருக்கும் கேடு.

இப்போது பல இடங்களில் கடிதத்தை ஆசிரியரே இணையத்தில் ஏற்ற வேண்டியிருக்கிறது. அதற்கான இணைப்பு ஆசிரியரின் மெயிலுக்கு வரும். ஒரு வருடம் அப்படி எனக்கு வந்த இணைப்பு ஸ்பாம் பெட்டிக்குள் கிடந்தது, நான் திறந்து பார்க்கவில்லை. அந்தப் பெண் கூச்சப்பட்டு என்னிடம் மறுபடி கேட்கவும் இல்லை. அவள் விண்ணப்பம் கடிதமில்லாமல் அப்படியே விழுந்துபோனது. ஆகவே நீங்கள் தைரியமாகக் கேளுங்கள்: "மேடம், மெயில் வந்திருச்சா? ஸ்பாம்ல ஒருவாட்டி பாத்துருங்க மேடம்." எந்த நல்ல ஆசிரியரும் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

செய்ய வேண்டியது: பருவத் தேர்வு முடிவு வந்தும் மதிப்பெண் பட்டியல் அச்சாகி வராமல் இருந்தால், இணையத்தில் வந்த முடிவைப் பிரின்ட் எடுத்து முதல்வரிடமோ துறைத்தலைவரிடமோ சான்றொப்பம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பல இடங்களில் இது போதும், கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

செய்யக்கூடாதது: காசு கட்டி "ஆராய்ச்சி" வாங்காதீர்கள்

மார்ச் மாதம் பிறந்துவிட்டால் வாட்ஸ்அப் குழுக்களில் வண்ண வண்ணமாக வரும்: நான்கு வார ஆராய்ச்சிப் பயிற்சி, சான்றிதழ் உத்தரவாதம், இடங்கள் குறைவு, இன்றே பதிவு செய்யுங்கள். என் மாணவி ஒருத்தியின் அம்மா, மகளிர் குழுவில் கடன் வாங்கி எட்டாயிரம் ரூபாய் கட்டினார். பெரிய நகரத்தில் ஒரு மாடிக் கட்டடம். டி.என்.ஏ. பிரிப்பதை வீடியோவில் காட்டியிருக்கிறார்கள். கடைசி நாளில் ஜெல் பெட்டியை ஆளுக்கு ஒருமுறை தொட்டுப் பார்க்க விட்டிருக்கிறார்கள். தங்க நிறக் கரை போட்ட சான்றிதழை அவள் என்னிடம் கொண்டுவந்து காட்டியபோது, என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. அந்தக் கடனை அவர்கள் வாரத் தவணையாக அடுத்த தீபாவளி வரை கட்டினார்கள்.

உண்மையான உதவித்தொகைத் திட்டம் இடத்தை உறுதி செய்யப் பணம் கேட்காது. விடுதி வாடகை, சாப்பாட்டு முன்பணம் கேட்கலாம், அதற்கு நிறுவனத்தின் பெயரில் ரசீது இருக்கும். சில அரசு ஆய்வகங்கள் செயல்முறைப் பயிற்சிக்குக் கட்டணம் வாங்குவதும் உண்டு. அது ஏமாற்று அல்ல, ஆனால் நாம் தேடுவது அதுவும் அல்ல. சந்தேகம் வந்தால் இணைய முகவரியின் வாலைப் பாருங்கள். ஏசி.இன், ரெஸ்.இன், கவ்.இன் என்று முடிகிறதா? அறிவிப்பு அந்தத் தளத்திலேயே இருக்கிறதா, இல்லை வெறும் படமாகச் சுற்றுகிறதா? அதற்கு மேலும் குழப்பம் என்றால் பணம் கட்டுவதற்கு முன்பு உங்கள் துறையில் யாரிடமாவது காட்டுங்கள். அன்றைக்கு அந்தப் பெண் என்னிடம் கேட்கவில்லையே என்று எனக்கு இன்னும் வேதனை.

செய்ய வேண்டியது: பணத்தைப் பற்றி வாய்திறந்து கேளுங்கள்

இடம் கிடைத்ததும் மகிழ்ச்சியில் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிடாதீர்கள். உதவித்தொகை எவ்வளவு, எப்போது வரும், விடுதி உள்ளே உண்டா, வாடகை அதில் கழியுமா, ரயில் கட்டணம் முன்னால் தருவார்களா பின்னாலா? ஒரு மெயிலில் மரியாதையாகக் கேளுங்கள். நிர்வாகப் பிரிவில் இருப்பவர்கள் தினமும் இதற்குப் பதில் சொல்கிறவர்கள்தான்.

பெரும்பாலான இடங்களில் பணம் மாதம் முடிந்து வரும், சில இடங்களில் வேலையெல்லாம் முடிந்த பிறகு. இதை நம் பிள்ளைகளிடம் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பெங்களூருக்குப் போன ஒரு மாணவன் கையில் 2,000 ரூபாயோடு இறங்கினான். மெஸ் முன்பணம் கட்டியதும் மிச்சம் 300. மூன்றாம் வாரம் எனக்குப் போன் செய்தபோதுதான் அவன் ஒருவேளை சாப்பாட்டில் ஓட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது. முதல் மாதச் செலவுக்கான பணத்தை முன்கூட்டியே திரட்டுங்கள். எங்கள் துறையில் பழைய மாணவர்கள் கொஞ்சம் பணம் போட்டு வைத்திருக்கிறார்கள், உதவித்தொகை வந்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இதுவரை திரும்பி வராத பணம் இல்லை. உங்கள் கல்லூரியில் அப்படி ஒன்று இல்லையென்றால் ஆசிரியரிடம் கேளுங்கள், தொடங்கலாம்.

வங்கிக் கணக்கையும் போகும் முன்பே பாருங்கள். பள்ளியில் ஸ்காலர்ஷிப்புக்காகத் திறந்த கணக்கு இரண்டு வருடத்துக்கு மேல் புழக்கமில்லாமல் முடங்கிக் கிடக்கலாம். அதை உயிர்ப்பிக்கிற வேலையை ஊரில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். பான் அட்டை இல்லையென்றால் அதையும் எடுத்துவிடுங்கள்.

உதவித்தொகையே இல்லை, ஆனால் நல்ல ஆய்வகம் என்று ஒன்று வந்தால்? வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரம் என்றால் போகலாம் என்பேன். வெளியூரில் வாடகைக்கு இருந்துகொண்டு இரண்டு மாதம் சும்மா உழைப்பதற்குக் கடன் வாங்காதீர்கள். இதில் என்னோடு மாறுபடும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் அந்தக் கடனைக் கட்டப் போவதில்லை.

செய்ய வேண்டியது: வீட்டில் ஜனவரியிலேயே பேசுங்கள்

தேர்வுக் கடிதம் வந்த பிறகு வீட்டில் மறுத்து, இடத்தைத் திருப்பிக் கொடுத்த பெண்கள் எனக்குத் தெரிந்து மூன்று பேர். "டீச்சரம்மா, வயசுப் பிள்ளைய ரெண்டு மாசம் அம்புட்டுத் தூரம் எப்பிடி விட" என்று ஒரு தாய் கேட்டபோது எனக்குக் கோபம் வரவில்லை. அவர் சென்னையைத் தாண்டிப் போனதில்லை. நிறுவனத்தின் கடிதம், பெண்கள் விடுதியின் படம், வார்டனின் எண், முன்பு போய்வந்த அக்கா ஒருத்தியின் போன் இவற்றைக் காட்டிப் பேசினால் பாதிப் பயம் போகும். முடிந்தால் அப்பாவையோ அண்ணனையோ முதல் நாள் கூடவே வரச் சொல்லுங்கள். விடுதியைக் கண்ணால் பார்த்துவிட்டால் மீதிப் பயமும் போகும்.

வீட்டில் விடவே மாட்டார்கள் என்றால் பக்கத்தில் பாருங்கள். காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது, அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து ஊருக்குக் கொண்டுவந்தது. கல்பாக்கத்தில் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம், திருநெல்வேலி கிருஷ்ணாபுரத்தில் புவிகாந்த ஆய்வகம், ஊட்டியில் 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கி, கொடைக்கானலில் சூரிய ஆய்வகம். எல்லாமே பணம் தருபவை என்று சொல்ல மாட்டேன். அறிவிப்பைப் பார்த்து, கேட்டு, தெரிந்துகொள்ள வேண்டும். இவ்வளவு இருக்கிறது என்பதே நம் மாணவர்கள் பலருக்குத் தெரியாது.

செய்ய வேண்டியது: கல்லூரி திறக்கும் தேதியைக் கணக்கில் வையுங்கள்

எட்டு வாரம் என்பது பெரும்பாலும் ஜூலையைத் தொட்டுவிடும். நம் கல்லூரிகள் ஜூனிலேயே திறந்துவிடும். வருகைப்பதிவு 75 சதவீதம் என்று பிறகு அலைய வேண்டாம். தேர்வுக் கடிதத்தை இணைத்து முதல்வருக்கு விண்ணப்பம் எழுதி, துறைத்தலைவரின் கையெழுத்தோடு அனுமதியைத் தாளில் வாங்குங்கள். "போய்ட்டு வாம்மா, பாத்துக்கலாம்" என்ற வாய்ச்சொல் ஜூலையில் யாருக்கும் ஞாபகம் இருக்காது. ஒருவேளை முழுக்க விட முடியாது என்றால், ஆறு வாரமாகக் குறைத்துக்கொள்ள முடியுமா என்று வழிகாட்டியிடம் முன்பே கேளுங்கள்.

செய்யக்கூடாதது: இரண்டு இடத்தில் கிடைத்தால் இரண்டையும் பிடித்து வைத்துக்கொள்ளாதீர்கள். ஒன்றை ஏற்ற அன்றே மற்றதற்கு நன்றி சொல்லி விலகல் மெயில் அனுப்புங்கள். காத்திருப்புப் பட்டியலில் உங்களைப் போலவே ஒருத்தி இருப்பாள்.

போன பிறகு செய்ய வேண்டியவை

முதல் வாரம் ஒன்றும் புரியாது. அது எல்லாருக்கும் அப்படித்தான். பேராசிரியரைத் தினமும் பார்க்க முடியாது. உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் போவது அங்கே பிஎச்.டி. செய்யும் அண்ணனோ அக்காவோதான். அவர்களிடம் கேள்வி கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள். அதே கேள்வியை இரண்டாம் முறை கேட்காமல் இருக்க, நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். கட்டுப்போட்ட நோட்டு, பேனா, பக்க எண், தேதி. என்ன எடை எடுத்தீர்கள், எத்தனை மணிக்குச் சூடாக்கினீர்கள், எது தப்பாகிப் போனது என்று எல்லாம் அதில் இருக்கட்டும்.

நம் கல்லூரிச் செய்முறைத் தேர்வுகளில் சரியான விடை முன்பே தெரியும், அதற்கேற்ப அளவுகளைத் திருத்தி எழுதிப் பழகியிருப்போம். அந்தப் பழக்கத்தை ரயிலேறும் முன்பே விட்டுவிடுங்கள். அங்கே விடை யாருக்கும் தெரியாது. நீங்கள் எழுதும் எண்ணை நம்பித்தான் அடுத்தவர் வேலை செய்வார்.

கிளம்பும் வாரத்தில் உங்கள் மாதிரிக் குப்பிகளில் பெயர், தேதி, உள்ளே என்ன என்று எழுதி ஒட்டி, பொறுப்பாளரிடம் ஒப்படையுங்கள். நோட்டு ஆய்வகத்துக்குச் சொந்தம். நகல் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டுவிட்டு எடுங்கள். அறிக்கையை ஊருக்குப் போய் எழுதிக்கொள்ளலாம் என்று தள்ளாதீர்கள். பல இடங்களில் அது கையில் வந்த பிறகுதான் கடைசித் தவணையை அனுப்புகிறார்கள். இன்ஸ்பயர் பிள்ளைகள் வழிகாட்டியின் சான்றை அங்கேயே கையெழுத்தாக வாங்கிவிடுங்கள். போய்வந்த ரயில் டிக்கெட்டுகளைக் கிழித்துப் போடாதீர்கள், பயணப்படிக்கு அதைத்தான் கேட்பார்கள்.